சோறும் பாயும் யார் கையில்?

காலை ஐந்து மணிக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையோரம் நின்று பாருங்கள். இருட்டுப் பிரியாத வேளையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடியே போவார்கள் பெண் பிள்ளைகள். பத்தொன்பது வயது, இருபது வயது. நன்றாக விடிந்தபின் அதே சாலையில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களுக்கும் அதே வயதுதான். முதல் பஸ்ஸில் போனவள் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ செல்போனும் கார் உதிரியும் செய்கிறாள். பின்னால் போகிறவள் புஸ்தகம் சுமக்கிறாள். இருவரும் ஒரே ஊர்க்காரிகளாக இருக்கலாம். ஒரே வீட்டு அக்காள் தங்கையாகவும் இருக்கலாம்.

இவர்களைப் பெற்றவர்கள் யார்? விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் நாற்று நட்டவர்கள். கடலூரில் கரும்பு வெட்டியவர்கள். நூல் மில்லில் பஞ்சைச் சுவாசித்தவர்கள். அதாவது, இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்கள்.

பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறாள், எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறோம். பிள்ளை படிக்கப் போயிருக்கிறான், எத்தனை மார்க் என்று கேட்கிறோம். ஆனால் அநேகம் பேர் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு. இரவு அவர்கள் எங்கே படுக்கிறார்கள்? யார் பொங்கிய சோற்றைத் தின்கிறார்கள்? நடுநிசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் யார் கதவைத் தட்டுகிறார்கள்? தட்டினால் திறக்கிற அந்த ஆள், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?

விடுதியின் விஷயம் முழுவதும் இந்தக் கடைசிக் கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். காரணத்தைச் சொல்கிறோம்.

2021 டிசம்பரில் நடந்தது என்ன?

ஸ்ரீபெரும்புதூர் அருகே பாக்ஸ்கான் கம்பெனியின் ஆலை இருக்கிறது. ஆப்பிள் கம்பெனிக்காக ஐபோன் பூட்டும் ஆலை. அங்கே வேலை செய்யும் பெண்கள் அந்நாளில் காண்டிராக்டர்கள் நடத்திய விடுதிகளில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் 2021 டிசம்பர் மத்தியில் உணவு விஷமாகி, இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் நோயில் விழுந்தார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு சர்க்காரின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தச் சமையல்கூடத்தைப் போய்ப் பார்த்தார்கள். எலி ஓடியது; சாக்கடை வடியவில்லை. சமையல்கூடத்தை மூடினார்கள்.

எலியைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் பல உண்டு. நாம் வேறொன்றைச் சொல்ல வருகிறோம்.

பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஆஸ்பத்திரி? எப்படி இருக்கிறாள்? பிழைத்தாளா? கேட்டவர்களுக்குத் தெளிவான பதில் சொல்ல ஆள் இல்லை. பதில் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். செத்துப்போனார்கள் என்று பேச்சுப் பரவிற்று. டிசம்பர் 17-ந் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பனி பெய்யும் மார்கழி இரவில், விடிந்து பகலாகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அவர்கள் கேட்டது சம்பள உயர்வா? போனஸா? இல்லை. எங்கள் தோழி எங்கே, அவளைக் காட்டுங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை. சாவுச் செய்தி பொய் என்று அதிகாரிகள் சாலைக்கு வந்து சொல்லவேண்டி நேர்ந்தது. பெண்கள் பலரைப் போலீஸார் பிடித்துக்கொண்டும் போனார்கள்.

டிசம்பர் 18 முதல் ஆலை மூடிக் கிடந்தது. தொழிலாளர் தங்கும் இடங்களும் உணவுக்கூடங்களும் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே அம்மாத இறுதியில் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல் கொஞ்சம் பேரோடு ஆலை திறந்தது. உலகமெங்கும் விற்கிற சாமானைச் செய்யும் ஆலை மூன்று வாரத்துக்கு மேல் நின்றது எதனால்? ஒரு விடுதிச் சமையல்கூடத்தால். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அந்த விடுதியில் ஆள் இல்லாததால்.

செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2015 டிசம்பரில் ஏரி நிரம்பி, நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. மேலே மதகு திறந்த சேதி கீழே கரையில் படுத்திருந்தவனுக்கு வேளையோடு வந்து சேரவில்லை என்பதே அன்று ஜனங்களின் ஆத்திரம். விடுதியிலும் அப்படித்தான். மேலே இருப்பவன் அறிந்ததைக் கீழே படுத்திருப்பவளுக்குச் சொல்லாவிட்டால், அதுவே பாதி ஆபத்து.

பண்ணையாள் குடிசையும் தொழிலாளி விடுதியும்

அப்படியானால் சாப்பாடு கெட்டுப்போன நாளிலேயே பெண்கள் ஏன் புகார் சொல்லவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்வி! இதற்குப் பதிலைத் தஞ்சை ஜில்லாவின் விவசாயத் தொழிலாளியிடம் கேளுங்கள்.

குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. அரைமரக்கால் நெல் கூடக் கேட்டால், அடுத்த நாள் குடிசையைப் பிரி என்பான். கூலிச் சண்டையில் முதலில் போவது குடிசைதான். பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்கவேண்டும் என்ற பயமே வாயைக் கட்டிற்று. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. கூலி கொடுக்கிற கையிலேயே குடிசையும் இருக்கும்வரை கூலிக்காரனுக்கு வாய் இராது. அதனால்தான் அந்தச் சட்டங்கள் தேவைப்பட்டன.

வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டின் கதையும் இதுவே. வேலை நின்றால் லயனை விட்டு இறங்கவேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று மங்களமான பெயரிட்டு நடத்தினார்களே, அதுவும் இதன் தங்கைதான். மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய். முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருவோம் என்றார்கள். நடுவில் தாங்காமல் வெளியேறிய பெண்ணுக்கு அந்தத் தொகை இல்லை.

இன்று ஒரகடம் சாலையில் கட்டில், மின்விசிறி, செல்போன் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வேலை கொடுக்கும் கையும் படுக்கை கொடுக்கும் கையும் ஒன்றாக இருந்தால், அல்லது ஒன்றுக்கொன்று கோத்திருந்தால், சாம்பாரில் புழு கிடக்கிறது என்று சொல்லப் பெண்ணுக்குத் தைரியம் வருமா? இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் நாளை காண்டிராக்டர் பஸ்ஸில் இடமிராது. பஸ்ஸில் இடமில்லையென்றால் வேலையில்லை. வேலையில்லையென்றால் அன்றிரவே பெட்டியைத் தூக்கவேண்டும். இருநூறு மைல் தூரத்தில் இருக்கிறது வீடு. புகார் சொல்லாத மர்மம் இதுதான்.

கல்லூரி விடுதியில் மட்டும் என்ன? அங்கே படுக்கையும் மார்க்கும் சர்டிபிகேட்டும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. மெஸ்ஸைப் பற்றிக் கேட்ட மாணாக்கனிடம், அப்பாவை அழைத்து வா என்கிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் சார்ஜுக்குக் கடன் வாங்கிக்கொண்டு அப்பா வருகிறார், கைகட்டி நிற்கிறார். அந்தக் காட்சியை மறுபடி காணப் பொறாமல் பையன் வாயை மூடிக்கொள்கிறான்.

வல்லம் வடகால் கட்டடம்

நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். 2024 ஆகஸ்டு 17-ல் வல்லம் வடகால் சிப்காட் பேட்டையில் பெண் தொழிலாளருக்கென்று சர்க்கார் ஒரு பெரிய குடியிருப்பைத் திறந்தது. இருபது ஏக்கரில் 13 கட்டடங்கள், பத்துப் பத்து மாடி. ஓர் அறைக்கு ஆறு பேராக 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடியே 50 லட்ச ரூபாய். தரையில் பாய் விரித்து இருபது முப்பது பேர் ஓர் அறையில் கிடந்த நாளோடு ஒப்பிட்டால், இது பெரிய மாறுதல். நெடுஞ்சாலையில் பனியில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இந்த மாறுதலில் பங்கு உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது.

ஆனால் 18,720 பேர் என்பது சின்னப் பட்டணம். ஒரு பட்டணத்துக்குப் பஞ்சாயத்து வேண்டாமா? கேள்வி கேட்க ஒரு மன்றம் வேண்டாமா? கல்லும் சிமெண்டும் நன்றாயிருப்பதால் மட்டும் சோறு நன்றாயிராது. சோற்றைத் தின்பவர்களுக்குச் சமையல்கூடத்தின் கணக்கைப் பார்க்கும் உரிமை இருந்தால்தான் சோறு நன்றாயிருக்கும்.

ஐம்பது ரூபாய்ச் சாப்பாடு

தனியார் விடுதி மட்டும்தானா? சர்க்கார் விடுதிக்கும் வருவோம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பினர், சிறுபான்மையினர் பிள்ளைகளுக்காகச் சர்க்கார் நடத்தும் விடுதிகள் தமிழகத்தில் 2,739. அவற்றில் 1,79,568 மாணவ மாணவியர் தங்கிப் படிப்பதாக 2025 ஜூலையில் சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. அப்போதே இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் நல்ல பெயர். கூலிக்காரன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளை யாரென்று விசாரித்துப் பாருங்கள். பத்தில் பாதிப்பேர் இப்படிப்பட்ட விடுதியின் சோற்றைத் தின்றவர்களாக இருப்பார்கள். இந்த விடுதிகள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு நின்றிருப்பார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கல்லூரி மாணவனின் உணவுக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்ததை 2023-ல் 1,500 ஆக உயர்த்தினார்கள். பள்ளிப் பிள்ளைக்கு 1,000 ரூபாயை 1,400 ஆக்கினார்கள். உயர்த்தியது சரி. முப்பது நாளால் வகுத்தால் கல்லூரி மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளைக்குப் பங்கிட்டால் வேளைக்குப் பதினேழு ரூபாய்கூட இல்லை. அரிசிக் கணக்கு தனி என்றே வைத்துக்கொண்டாலும், பருப்பு, எண்ணெய், காய், முட்டை, பால், மசாலை இவ்வளவும் இதற்குள் வரவேண்டும். டீக்கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் தின்றால் என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரியும். வளரும் பிள்ளையின் வயிற்றுக்கு இந்தத் தொகை பொருந்துமா என்று சட்டசபையில் இருப்பவர்கள் ஒரு மாதம் தின்று பார்த்துச் சொல்லட்டும்!

காப்பாளரும் உழைப்பாளியே

இங்கேதான் காப்பாளர் வருகிறார். வார்டன் என்றதும் பிரம்பும் சாவிக்கொத்தும்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. பிள்ளைகள் திட்டுகிறார்கள், பெற்றோர் திட்டுகிறார்கள், மேலதிகாரி திட்டுகிறார். அவர் செய்கிற வேலை என்னவென்று யாராவது எண்ணிப் பார்த்தோமா?

விடியுமுன் பால் வந்ததா, தண்ணீர் ஏறியதா என்று பார்க்கவேண்டும். அரிசி அளந்து போடவேண்டும். வராத சமையலாளுக்கு மாற்று ஆள் தேடவேண்டும். வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு எழுதவேண்டும். உதவித்தொகை மனுவில் பிள்ளையின் பெயர் ஒரு மாதிரியும் சாதிச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால், தாலுக்கா ஆபீசுக்கு நடக்கவேண்டும். குளிக்கும் வாளிக்காக நடக்கும் சண்டையைத் தீர்க்கவேண்டும். முதல் தடவையாக வீட்டை விட்டு வந்து, மூன்று நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்காரவேண்டும். இராத்திரி இரண்டு மணிக்கு 108-க்குப் போன் செய்து, ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை காத்திருக்கவேண்டும். ஆலை விடுதியானால் இன்னும் ஒரு படி மேலே: ஒரு ஷிப்டு தூங்கும்போது ஒரு ஷிப்டு எழுந்திருக்கும், அடுப்பு அணையாது, விளக்கும் அணையாது.

இந்த வேலைக்கு மணிக்கணக்கு உண்டா? பல இடங்களில் ஒரே காப்பாளர் தலையில் இரண்டு விடுதிகளைக் கூடுதல் பொறுப்பு என்று கட்டுகிறார்கள். பகலெல்லாம் வகுப்பு எடுத்த ஆசிரியரையே இரவில் காப்பாளராக்குகிறார்கள். தனியார் விடுதியிலோ அவரும் காண்டிராக்ட் ஆள்தான். நாளை போகச் சொன்னால் போகவேண்டியவர். புழு இருக்கிறது என்று தெரிந்தும் அவர் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்கும் படுக்கை இல்லை. ஆகவே காப்பாளரைப் பகையாளியாக எண்ணுவது நமக்கு உதவாது. நமக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நிறுத்தப்பட்ட உழைப்பாளி அவர். அவருக்கு நிரந்தர வேலையும் வாரத்தில் ஒருநாள் ஓய்வும் இருந்தால்தான், பிள்ளைகள் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசுவார்.

மனிதன் இல்லாத விடுதி என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் சாட்சியம் இருக்கிறது. சீனத்தின் ஷென்சென் நகரில் இதே பாக்ஸ்கான் ஆலை வளாகங்களில் 2010-ம் வருஷம் பத்துக்கு மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். லட்சக்கணக்கானோர் ஒரே இடத்தில் வேலை செய்தும், மனம்விட்டுப் பேச ஆளில்லாத தனிமை என்று அங்கே போய் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டிற்று. வலையை விலைக்கு வாங்கிவிடலாம். அருகில் உட்கார்ந்து, என்னம்மா, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கும் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டு பாதுகாப்பா?

இனி, நம் வீட்டிலிருந்தே எழும் ஆட்சேபம் ஒன்று. பெண் பிள்ளையை நம்பி அனுப்பியிருக்கிறோம், வார்டன் கண்டிப்பாயிருக்கட்டும், கதவைப் பூட்டியே வைக்கட்டும் என்று பெற்றவர்களே சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யமாட்டோம். பொள்ளாச்சியில் 2014-ல் ஒரு விடுதியில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையை நாடு அறியும். அந்த வருஷமே பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டமும் வந்தது. லைசென்ஸ் இன்றி விடுதி நடத்தக்கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

ஆனால் பூட்டு வேறு, பாதுகாப்பு வேறு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீயில் மாண்டார்கள். அவர்களைக் கட்டியவர்களும் பாதுகாப்புக்காகவே என்றுதான் சொன்னார்கள். மதுரையில் 2024 செப்டம்பரில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். தீ வந்தால் திறக்கும் கதவும், அழைத்தால் எழும் ஆளுமே பாதுகாப்பு. வெளியிலிருந்து வருபவனைத் தடுக்கக் காவல் வேண்டும். உள்ளே இருக்கும் பெண்ணின் வாயைப் பூட்டக் காவல் வேண்டாம். உங்கள் மகள் இரவு எட்டு மணிக்குள் வருகிறாளா என்று கேளுங்கள், தப்பில்லை. அதோடு, அவள் புகார் சொன்னால் யார் கேட்பார் என்பதையும் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை

அதிகம் கேட்கவில்லை. செய்யக்கூடியதையே கேட்கிறோம்.

ஒன்று: ஆலை விடுதியாயினும் கல்லூரி விடுதியாயினும் சர்க்கார் விடுதியாயினும், அங்கே தங்குவோர் தாங்களே தேர்ந்தெடுக்கும் உணவுக் கமிட்டி வேண்டும். வாங்கிய சாமானின் கணக்கை ஒவ்வொரு வாரமும் சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஒட்டவேண்டும்.

இரண்டு: ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், எந்த ஆஸ்பத்திரி, என்ன நிலைமை என்பதை அவர் வீட்டாருக்கும் அறைத் தோழிகளுக்கும் உடனே சொல்லவேண்டும். தோழி ஒருத்தி கூடவே போகவேண்டும்.

மூன்று: புகார் சொன்னதற்காக ஒருவருடைய படுக்கையைப் பறிக்கக்கூடாது. வேலை நின்றாலும், வேறு இடம் பார்க்க ஒரு மாதமாவது தங்க உரிமை வேண்டும்.

நான்கு: விடுதியிலேயே தங்கும் நிரந்தரக் காப்பாளர் வேண்டும். காலியிடங்களை நிரப்பவேண்டும். கூடுதல் பொறுப்பு என்ற பெயரில் ஒருவரை இரண்டாகக் கிழிக்கக்கூடாது. சமையலர், காவலர், துப்புரவுத் தொழிலாளிக்கும் இதுவே நியாயம்.

ஐந்து: சர்க்கார் விடுதிகளின் உணவுத் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறவேண்டும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை பிச்சை போடுவதுபோல் உயர்த்துவது போதாது.

ஆறு: அதிகாரி சோதனைக்கு வரும்போது கமிட்டியின் பெண்கள் கூடவே நடக்கவேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து, கழுவிவிட்ட தரையைப் பார்த்துப் போகும் சோதனை வேண்டாம்.

இவற்றில் எது முடியாத காரியம்? எதற்குக் கோடி ரூபாய் வேண்டும்? 706 கோடியில் கட்டடம் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு, சுவரில் ஒரு காகிதம் ஒட்டத் தெரியாதா?

இந்த வாரம் உங்கள் பிள்ளை போன் செய்யும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாள்; உங்களுக்கு வருத்தம் வரக்கூடாதென்று அப்படிச் சொல்வாள். அதோடு விட்டுவிடாதீர்கள். என்ன சாப்பிட்டாய், அறையில் எத்தனை பேர், உடம்பு சரியில்லையென்றால் யாரிடம் சொல்வாய், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லையென்றால், அந்த ஊர்ப் பெற்றோர் நாலுபேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுங்கள். விடுதி வாசலில் நின்று, இங்கே பதில் சொல்ல யார் இருக்கிறார் என்று கேளுங்கள். தனியாகப் போன தகப்பன் கைகட்டி நின்றான். நாலுபேராகப் போனால் நாற்காலி போடுவார்கள்.